அரசு எரிபொருள் கார்டு: வண்டிக்கும் விமானத்துக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மத்திய அரசின் வண்டிகளும் விமானங்களும் வெளியிடங்களில் எரிபொருள் போடும்போது பெரும்பாலும் ரொக்கம் கைமாறுவதில்லை. கார்டு தேய்க்கப்படுகிறது, பில் அரசுக்கே போகிறது. அந்தக் கார்டுகளைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், மாதாமாதம் பில்லுக்குக் கையெழுத்திடுபவர்கள், விமான நிலையத்தில் எரிபொருள் விற்கும் இடத்தில் வேலை பார்ப்பவர்கள் ஆகியோருக்கு அடிக்கடி எழும் கேள்விகள் இங்கே. ஒவ்வொரு துறைக்கும் சொந்த உள்விதிகள் உண்டு. இதில் உள்ளவற்றைவிட அவை கடுமையாக இருந்தால் அவற்றையே பின்பற்றுங்கள்.

எத்தனை வகைக் கார்டுகள் இருக்கின்றன? எது எதற்கு?

மூன்று கார்டுகளை நினைவில் வைத்தால் போதும்.

முதலாவது ஃப்ளீட் கார்டு. கார், பிக்கப், வேன், லாரி போன்ற சாலை வண்டிகளுக்கானது. ஜிஎஸ்ஏ எனப்படும் பொதுச் சேவை நிர்வாகம் 'ஸ்மார்ட்பே' என்ற திட்டத்தின் கீழ் இதற்கான வங்கி ஒப்பந்தங்களைச் செய்கிறது. திட்டம் தொடங்கியது 1998-இல். அதன் மூன்றாவது ஒப்பந்தம் 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது, சிட்டிபேங்கும் யு.எஸ். பேங்கும் அதில் உள்ளன. பெட்ரோல் பங்கில் கார்டைப் படிக்கும் வலையமைப்புகள் முக்கியமாக இரண்டு: வெக்ஸ், வாயேஜர். ஜிஎஸ்ஏவிடமிருந்து குத்தகைக்கு எடுத்த வண்டி என்றால் (நம்பர் பிளேட் 'ஜி' என்ற எழுத்தில் தொடங்கும்) வண்டியோடு வெக்ஸ் கார்டும் வரும். பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமான வண்டிகளுக்கு வாயேஜர் கார்டு.

இரண்டாவது ஏர் கார்டு. விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் உரியது. இதைப் பார்த்துக்கொள்வது டிஎல்ஏ எனர்ஜி, அதாவது பாதுகாப்புத் தளவாட முகமையின் எரிபொருள் பிரிவு. ராணுவத்துக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடலோரக் காவல்படை, சுங்க–எல்லைக் காவல் துறை போன்றவையும் இதையே பயன்படுத்துகின்றன.

மூன்றாவது ஸீ கார்டு. கப்பல், படகுகளுக்கானது. இந்தப் பக்கத்தில் அதைத் தொடவில்லை.

கார்டு யார் பெயரில் இருக்கும்?

ஆள் பெயரில் இருக்காது. ஃப்ளீட் கார்டு வண்டிக்குச் சொந்தம், கார்டின் மேல் வண்டி எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஏர் கார்டு விமானத்தின் வால் எண்ணுக்குச் சொந்தம். ஓட்டுநர் மாறலாம், விமானி மாறலாம், கார்டு மாறக் கூடாது. 'பக்கத்து வண்டியின் கார்டு வேலை செய்யவில்லை, என் கார்டில் போட்டுக்கொடுத்தேன்' என்பது நல்ல மனசோடு செய்யும் தவறு. ஆனால் அன்றோடு இரண்டு வண்டிகளின் கணக்கும் கெட்டுவிடும். ஒன்று எண்ணெய் குடிக்கும் பூதமாகவும் மற்றொன்று காற்றில் ஓடும் வண்டியாகவும் தெரியும்.

இரண்டுமே மையக் கணக்கில் பில் போடப்படும் கார்டுகள். பயணக் கார்டைப் (ஊழியரின் பயணச் செலவுக்கான கார்டு) போல ஊழியர் தன் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறும் ஏற்பாடு இதில் கிடையாது.

பொறுப்பு யாருடையது?

நான்கு பேர். கார்டைக் கையில் வைத்திருக்கும் ஓட்டுநர் அல்லது விமானி. வண்டிகளுக்கும் ரசீதுகளுக்கும் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு அலுவலர். கார்டைத் திறப்பது, மூடுவது, வரம்பு வைப்பது ஆகியவற்றைச் செய்யும் திட்ட ஒருங்கிணைப்பாளர் (அலுவலகத்தில் 'ஏ-ஓபிசி' என்பார்கள்). கடைசியாக, பில் சரி என்று சான்று அளிக்கும் அலுவலர்.

இந்த நாலாவது ஆளுக்குத்தான் கழுத்துக்குக் கத்தி. அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 31-ஆம் தலைப்பு, 3528-ஆம் பிரிவின்படி, தவறான பில்லுக்குச் சான்றளித்துப் பணம் போனால் அந்தத் தொகைக்கு அவரே சொந்தப் பொறுப்பு. பாதுகாப்புத் துறையில் அவரை டிடி 577 என்ற படிவத்தில் நியமிப்பார்கள். நியமனத் தேதிக்கு முந்தைய பில்லில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. படிவம் கைக்கு வரும்வரை பேனாவை எடுக்காதீர்கள்.

பொறுப்பு அலுவலரும் சான்றளிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. சிறிய அலுவலகங்களில் 'ஆள் இல்லை' என்று இரண்டையும் ஒருவரிடமே கொடுப்பார்கள், தணிக்கையில் முதலில் எழுதப்படும் குறையும் அதுதான். பயிற்சியைக் குறைந்தது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஓஎம்பி எனப்படும் மேலாண்மை, வரவுசெலவு அலுவலகத்தின் ஏ-123 சுற்றறிக்கையின் 'பி' இணைப்பு அப்படிச் சொல்கிறது.

பங்கில் கார்டு போட்டதும் ஓடோமீட்டர் கேட்கிறதே, அது எதற்கு?

மொத்தக் கட்டுப்பாடும் அந்த ஓர் எண்ணின் மேல்தான் நிற்கிறது. வெக்ஸ், வாயேஜர் இரண்டும் ஒவ்வொரு நிரப்பலுக்கும் தேதி, நேரம், பங்க், எரிபொருள் வகை, கேலன், விலை, ஓட்டுநர் எண், ஓடோமீட்டர் எல்லாவற்றையும் ஒரே வரியில் சேர்த்து அனுப்பும். சாதாரணக் கிரெடிட் கார்டு அறிக்கையில் 'இன்ன பங்க், இவ்வளவு டாலர்' என்பதோடு முடிந்துவிடும்.

ஓடோமீட்டரில் 1234 என்றோ 99999 என்றோ அடித்துவிட்டுப் போகும் ஓட்டுநர் திருடர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் திருடனைப் பிடிக்க இருந்த ஒரே கண்ணைக் கட்டிவிட்டுப் போகிறார். இன்னொரு பிழை, பத்தில் ஒரு மைலைக் காட்டும் கடைசி இலக்கத்தையும் சேர்த்து அடிப்பது: 41,902.3 என்பது 419023 ஆகிவிடும். இதை மென்பொருள் கண்டுகொள்ளும். 41,902-க்குப் பதில் 43,902 என்று அடித்தால் பல நேரம் கண்டுகொள்ளாது. ஜிஎஸ்ஏ குத்தகை வண்டிக்கு மாத வாடகையோடு மைலுக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு, எரிபொருள் செலவும் அதில் அடக்கம். ஓடாத 2,000 மைலுக்குத் துறை பணம் கட்ட நேரலாம்.

கள்ளப் பரிவர்த்தனையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

26 கேலன் டேங்க் உள்ள ஒரு பிக்கப் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் மாத அறிக்கையில் நாலு வரிகள்:

மார்ச் 3, காலை 7:40, ஓடோமீட்டர் 41,220, 19.6 கேலன்
மார்ச் 9, காலை 8:05, ஓடோமீட்டர் 41,556, 20.1 கேலன்
மார்ச் 14, மாலை 4:30, ஓடோமீட்டர் 41,890, 19.8 கேலன்
மார்ச் 15, இரவு 9:15, ஓடோமீட்டர் 41,902, 22.4 கேலன்

டாலரை மட்டும் பார்த்தால் நாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால்தான் டாலரை மட்டும் பார்க்கும் ஆள் எதையும் பிடிப்பதில்லை. மைலைக் கேலனால் வகுத்துப் பாருங்கள். 9-ஆம் தேதி: 336 மைல், 20.1 கேலன், கேலனுக்கு 16.7 மைல். 14-ஆம் தேதி: 334 மைல், 19.8 கேலன், 16.9 மைல். இந்த வண்டியின் இயல்பு 17-ஐ ஒட்டியது என்று தெரிந்துவிட்டது. இப்போது 15-ஆம் தேதியைப் பாருங்கள். 12 மைல் ஓடிய வண்டி முக்கால் கேலனுக்கு மேல் குடித்திருக்க முடியாது. முந்தைய மாலை டேங்க் நிறைந்திருந்தது. அதில் மேலும் 22.4 கேலன் போட இடமே இல்லை. ஆக, அந்த எண்ணெய் இந்த வண்டிக்குள் போகவில்லை.

ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டுபோய் விசாரிப்பதற்கு முன் இதற்கு நியாயமான காரணங்கள் உண்டா என்று பாருங்கள். அவசர வேலைக்கு ஜெனரேட்டர் கேனில் பிடித்திருக்கலாம் (உங்கள் துறை விதி அதை அனுமதித்தால், எழுத்தில் இருந்தால்). வேறு அரசு வண்டிக்குத் தவறுதலாக இந்தக் கார்டு போயிருக்கலாம். 14-ஆம் தேதிய நிரப்பல் பாதியிலேயே நின்றிருக்கலாம், ஆனால் இங்கே கேலன் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. எதுவும் பொருந்தவில்லை என்றால் வண்டிப் புறப்பாட்டுப் பதிவேட்டை எடுத்து, அந்த இரவு சாவி யாரிடம் இருந்தது என்று பாருங்கள். பங்குக்கு அன்றே எழுதி, கண்காணிப்பு வீடியோவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பல கடைகளில் பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிவிடும். மாத பில் வந்தபின் கேட்டால் திரையில் எதுவும் இருக்காது. வார அறிக்கை பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கேலனுக்கு மைல் குறைந்தாலே சந்தேகப்பட வேண்டுமா?

வேண்டாம். முதலில் எரிபொருள் வகையைப் பாருங்கள். இ-85 எனப்படும் எத்தனால் கலவையில் ஒரு கேலனுக்குள் இருக்கும் ஆற்றல் குறைவு. அதே வண்டி பெட்ரோலில் ஓடுவதைவிட 15 முதல் 27 சதவீதம் குறைந்த மைல் கொடுக்கும். ஒரு மாதம் பெட்ரோல், மறுமாதம் இ-85 என்று மாறியிருந்தால் அறிக்கையில் திருட்டு போலவே தெரியும். பனிக்காலத்தில் நின்றபடியே இன்ஜினை ஓடவிடும் ரோந்து வண்டிகளும் அப்படித்தான். வண்டிக்கு வண்டி, அதன் சொந்தப் பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். கம்பெனி விளம்பரத்தில் போட்ட மைலேஜோடு ஒப்பிட்டால் எல்லா ஓட்டுநரும் திருடராகத் தெரிவார்கள்.

இ-85 போட்டே ஆக வேண்டுமா?

இரண்டு எரிபொருளிலும் ஓடக்கூடிய மத்திய அரசு வண்டி என்றால் ஆம். 2005-ஆம் ஆண்டு எரிசக்திக் கொள்கைச் சட்டத்தின் 701-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஐந்து மைலுக்குள் அல்லது 15 நிமிடப் பயணத்துக்குள் கிடைக்காவிட்டாலோ, விலை நியாயமற்ற அளவு கூடுதலாக இருந்தாலோ எரிசக்தித் துறையிடம் விலக்கு பெறலாம். விலக்கு வண்டி வண்டியாகக் கேட்டுப் பெறவேண்டியது, ஓட்டுநர் பங்கில் நின்று முடிவு செய்யக்கூடியது இல்லை. இ-85 கிடைக்கும் பங்குக்குப் பக்கத்திலேயே நின்று பெட்ரோல் போட்ட நிரப்பல்களைக் கார்டு விவரத்தை வைத்தே வரைபடத்தில் காட்டும் 'ஃப்ளீட்டேஷ்' என்ற கருவி உண்டு. தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் உருவாக்கியது. ஓட்டுநரைத் திட்டுவதைவிட அந்த வரைபடத்தை ஒருமுறை காட்டுவது நன்றாக வேலை செய்யும்.

பிரீமியம் பெட்ரோல் போடலாமா?

கூடாது. வண்டித் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச ஆக்டேன் எதுவோ அதைத்தான் போட வேண்டும். அந்த வட்டாரத்தில் உயர்தரம் மட்டுமே கிடைக்கிறது என்றால் தவிர. மத்திய மேலாண்மை விதி 102-34 இதைச் சொல்கிறது. அறிக்கையில் எரிபொருள் வகைப் பத்தியை வரிசைப்படுத்தினால் இரண்டு நிமிடத்தில் பிரீமியம் வரிகள் மேலே வந்து நிற்கும்.

பின் எண்ணை, அதாவது கார்டின் ரகசிய எண்ணை, எங்கே வைப்பது?

சாவிக்கொத்தில் தொங்கும் அட்டையில் கார்டு, அதன் முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரில் பின் எண். மோட்டார் பூலில் (அலுவலகத்தின் பொது வண்டிகள் நிற்கும் இடம்) மிகச் சாதாரணமாகப் பார்க்கும் காட்சி இது. கார்டு தொலைந்தால் பின்னும் கூடவே போகிறது. ஓட்டுநருக்குத் தனித்தனி எண் கொடுக்க வழி இருந்தால் அப்படியே கொடுங்கள். ஒரே எண்ணை இருபது பேர் பயன்படுத்தினால், தப்பு நடந்த பின் இருபது பேரும் 'நான் இல்லை' என்பார்கள். அதை மறுக்கவும் முடியாது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், ஏலத்துக்கு அனுப்பும் நாளில், கார்டை அன்றே மூடிவிடுங்கள். வண்டி போய் ஆறு மாதம் ஆகியும் உயிரோடு இருக்கும் கார்டுதான் உள்ளே இருப்பவர்களுக்கு மிக வசதியான கார்டு. அந்த வண்டியின் மைலை யாரும் இனிக் கணக்குப் பார்க்கப்போவதில்லை. காலாண்டுக்கு ஒருமுறை கார்டுப் பட்டியலையும் வண்டிப் பட்டியலையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டால் போதும்.

வரம்புகள் எப்படி வைக்க வேண்டும்?

எங்கள் கருத்து: பிடிப்பதைவிடத் தடுப்பது மலிவு. டேங்கின் கொள்ளளவை எடுத்து, இன்றைய விலையால் பெருக்கி, கொஞ்சம் கூட்டி ஒரு நிரப்பலின் வரம்பாக வையுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை நிரப்பல் என்பதையும் வண்டியின் வேலையைப் பார்த்து வையுங்கள். நகருக்குள் ஓடும் காருக்கு ஒன்றே அதிகம், நீண்ட தூரம் போகும் லாரிக்கு மூன்றுகூடத் தேவைப்படலாம். கடையின் வகையையும் கட்டுப்படுத்தலாம். எரிபொருளும், கார் வாஷும், சிறு பராமரிப்பும் போதும். விலை ஏறும்போது வரம்பைத் திருத்த மறந்தால் நெடுஞ்சாலையில் பாதி டேங்கோடு பம்ப் நிற்கும். ஓட்டுநர் போனில் கத்துவார். அதற்குப் பயந்து வரம்பை ஒரேயடியாக ஐந்து மடங்கு உயர்த்திவைப்பவர்கள் உண்டு, அதற்கு வரம்பே வேண்டாம்.

கார்டு விவரத்தைத் திருட பம்பில் ரகசியமாகப் பொருத்தும் ஸ்கிம்மர் பற்றிக் கேள்விப்படுகிறோம். ஃப்ளீட் கார்டுக்கும் ஆபத்தா?

கூடுதல் ஆபத்து. காந்தப் பட்டையை மட்டும் படிக்கும் கார்டுகளைத்தான் ஸ்கிம்மர் எளிதில் நகலெடுக்கும். அமெரிக்கப் பங்குகளில் சிப் இல்லாத பம்புக்கான மோசடி நஷ்டம் கடைக்காரர் தலையில் விழும் என்ற விதியையே விசாவும் மாஸ்டர்கார்டும் பலமுறை தள்ளிப்போட்டு, 2021 ஏப்ரலில்தான் நடைமுறைப்படுத்தின. ஃப்ளீட் வலையமைப்புகள் அதற்கும் பின்னால்தான் நகர்ந்தன. கடைக்கு மிக அருகில், காசாளர் கண்ணில் படும் பம்பில் போடச் சொல்லுங்கள். நகல் கார்டின் அறிகுறி தெளிவானது: உங்கள் வண்டி டெக்சாஸில் நிற்கும்போது அதே மணிநேரத்தில் வேறு மாநிலத்தில் டீசல் நிரப்பல். வண்டி பெட்ரோல் வண்டியாக இருந்தால் இன்னும் தெளிவு.

தவறான பில்லை எத்தனை நாளுக்குள் மறுக்க வேண்டும்?

பொதுவாக 90 நாள். வங்கிக் கணக்கில் பதிவான நாளா, வாங்கிய நாளா என்ற வாதத்தில் மாட்டாமல் இருக்க, வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் கடைக்காரரிடம் பேசுங்கள், இரட்டைப் பதிவு போன்றவை அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் வங்கியின் இணையதளத்தில் மறுப்புப் பதியுங்கள்.

ஒரு வித்தியாசம் முக்கியம். மறுப்பு என்பது கடைக்காரரின் தவறுக்கு. உங்கள் ஊழியரே அரசு கார்டில் சொந்தக் காருக்கு எண்ணெய் போட்டிருந்தால் அது மறுப்பில் வராது. வங்கிக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும், பிறகு ஊழியரிடம் வசூலிக்க வேண்டும்.

விமானத்துக்கு வருவோம். ஏர் கார்டில் எங்கே எரிபொருள் போட வேண்டும் என்று வரிசை உண்டா?

உண்டு. முதலில் ராணுவத் தளம். அது வழியில் இல்லை என்றால் டிஎல்ஏ எனர்ஜியின் 'இன்ட்டு-பிளேன்' ஒப்பந்தம் (விமான நிலையத்தில் நேரடியாக விமானத்தில் எரிபொருள் நிரப்ப விற்பனையாளரோடு முன்பே போட்ட ஒப்பந்தம்) உள்ள விமான நிலையம். ஒப்பந்தமே இல்லாத தனியார் விற்பனையாளர் கடைசி இடம்தான். பயணத் திட்டம் போடும்போதே இந்த வரிசையைப் பார்க்க வேண்டும், இறங்கிய பின் பார்த்தால் காலம் கடந்துவிட்டது.

ஒப்பந்த விமான நிலையத்தில்தான் போட்டோம். பில் ஏன் இவ்வளவு வந்தது?

ஏர் கார்டில் அதிகப் பணம் வீணாகும் இடம் இது. காரணங்கள் மூன்று, மூன்றும் அடிக்கடி நடப்பவை.

ஒன்று: ஒப்பந்தம் விமான நிலையத்தோடு இல்லை, அங்குள்ள ஒரு குறிப்பிட்ட எஃப்பிஓவோடு. எஃப்பிஓ என்பது தனியார், அரசு விமானங்களுக்கு நிறுத்துமிடமும் எரிபொருளும் தரும் நிறுவனம். ஒரே ஓடுபாதையின் இரு பக்கமும் இரண்டு எஃப்பிஓ இருக்கும். ஒன்றில் ஒப்பந்தம், மற்றதில் சில்லறை விலை. கட்டுப்பாட்டுக் கோபுரம் 'எங்கே நிறுத்தப்போகிறீர்கள்?' என்று கேட்கும்போது தப்பான பெயரைச் சொன்னால் அங்கேயே கதை முடிந்தது.

இரண்டு: சரியான எஃப்பிஓவில் நின்றும், 'டிஎல்ஏ இன்ட்டு-பிளேன் ஒப்பந்தம்' என்று சொல்லாமல் கார்டை மட்டும் நீட்டுவது. முன்மேசையில் இருப்பவர் அதைச் சாதாரணக் கார்டாகவே பதிந்துவிடுவார். எரிபொருள் லாரி வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

மூன்று: 'கான்ட்ராக்ட் ஃப்யூயல்' என்ற சொல்லின் குழப்பம். தனியார் ஜெட் உலகில் இடைத்தரகு நிறுவனங்கள் தரும் தள்ளுபடித் திட்டங்களுக்கும் அதே பெயர். 'கான்ட்ராக்ட் விலையா?' என்று விமானி கேட்பார், 'ஆமாம்' என்பார் மேசையில் இருப்பவர். இருவரும் சொன்னது வேறு வேறு ஒப்பந்தம். கையெழுத்துப் போடும் முன் சீட்டில் டிஎல்ஏ ஒப்பந்தம் என்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

தேதி, விமான நிலையம், வால் எண், விமான வகை, எரிபொருள் வகை, கேலன், யூனிட் விலை, வாங்கியவரின் கையெழுத்தும் படிக்கக்கூடிய பெயரும். 'படிக்கக்கூடிய' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கோழி கிளறியது போன்ற கையெழுத்தை வைத்து மூன்று மாதம் கழித்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது.

விமானி எடையில் யோசிப்பார், பில் கேலனில் வரும். ஜெட்-ஏ எனப்படும் விமான எரிபொருள் ஒரு கேலன் சுமார் 6.7 பவுண்டு. விமானி 4,020 பவுண்டு ஏற்றச் சொன்னால் சீட்டில் 600 கேலன் அளவில் இருக்க வேண்டும். வெப்பநிலைக்கு ஏற்பச் சிறிது கூடும், குறையும். ஆனால் 680 என்று இருந்தால் நின்று கேளுங்கள். பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் உள் டேங்குகள் சுமார் 360 கேலன்தான் பிடிக்கும். வெளி டேங்க் மாட்டாத பிளாக் ஹாக்கின் பெயரில் ஒரே நிரப்பலாக 420 கேலன் பில் வந்தால், வால் எண் தப்பாக அடிக்கப்பட்டது அல்லது இரண்டு ஹெலிகாப்டரை ஒரு சீட்டில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு ஹெலிகாப்டர் ஜோடியாக வரும் பயணங்களில் பின்னது ரொம்ப சகஜம்.

தனியார் விமான நிலையத்தில் கிடைக்கும் ஜெட்-ஏவில் உறைதடுப்பு மருந்து பெரும்பாலும் கலந்திருக்காது. கேட்டால் கலந்து, தனி வரியாகக் கட்டணம் போடுவார்கள். அந்த வரி கேலன் கணக்கோடு பொருந்துகிறதா என்பதும் பார்க்கவேண்டியதே.

இறங்கு கட்டணம் கட்ட வேண்டுமா?

பெரும்பாலான இடங்களில் வேண்டாம். மத்திய அரசு நிதியில் மேம்படுத்தப்பட்ட விமான நிலையங்கள், நிதி வாங்கும்போதே ஒரு வாக்குறுதி கொடுக்கின்றன. எஃப்ஏஏ எனப்படும் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் மானிய உறுதிமொழிகளில் 27-ஆவது அது: அரசு விமானங்கள் இலவசமாகப் பயன்படுத்தலாம். பயன்பாடு 'கணிசமானது' என்றால் மட்டும் கட்டணம் உண்டு. கணிசம் என்றால் என்ன என்பதும் எழுதப்பட்டிருக்கிறது: ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட அரசு விமானங்கள் அங்கேயே வழக்கமாக நிறுத்தப்பட்டிருப்பது, அல்லது ஒரு மாதத்தில் 300 அல்லது அதற்கு மேல் இறக்கம், அல்லது மாத மொத்த எடை 50 லட்சம் பவுண்டைத் தாண்டுவது. மாதம் ஒருமுறை வந்து போகும் விமானத்துக்கு இறங்கு கட்டணம் பில்லில் வந்தால் இதைக் காட்டிக் கேளுங்கள்.

எஃப்பிஓ தன் சேவைக்கு வாங்கும் கையாளல் கட்டணம் வேறு. அது தனியார் நிறுவனத்தின் கட்டணம், இந்த உறுதிமொழி அதைத் தடுக்காது. குறிப்பிட்ட கேலனுக்கு மேல் போட்டால் அதைத் தள்ளுபடி செய்யும் எஃப்பிஓக்கள் நிறைய. எரிபொருள் தேவைப்படும் இடத்திலேயே நிறுத்தத்தையும் வைத்துக்கொண்டால் அது மிச்சம்.

ஏர் கார்டில் விமானக் குழுவின் ஹோட்டல், வாடகைக் கார் போடலாமா?

கூடாது. அவை பயணக் கார்டில். எஃப்பிஓ மேசையில் வாடகைக் காரையும் சேர்த்தே ஏற்பாடு செய்து தருவார்கள், ஒரே பில்லில் போட்டும்விடுவார்கள். கையெழுத்துக்கு முன் பிரிக்கச் சொல்லுங்கள். பனி நீக்கம், தரை மின்சாரம், இழுவை, கழிவறைச் சேவை போன்றவை கார்டில் வரலாம்.

ஏர் கார்டை வாங்க மறுத்தால்?

எஸ்எஃப் 44 என்ற படிவம் ஒன்று உண்டு. கொள்முதல் ஆணை, விலைப்பட்டியல், செலவுச்சீட்டு மூன்றும் ஒரே தாளில். வெளியூரில் சிக்கிய விமானத்துக்கு எரிபொருளும் எண்ணெயும் வாங்க அதைப் பயன்படுத்த அனுமதி உண்டு. பணம் பிறகு தாள் வழியாகப் போகும், அதனால் பல விற்பனையாளர்களுக்குப் பிடிக்காது. அந்தப் படிவப் புத்தகம் விமானத்திலேயே இருக்கிறதா என்று புறப்படும் முன் பாருங்கள்.

வரி?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல மாநிலங்களில் பம்பிலேயே வரி கழியாது. கழிக்கக்கூடிய இடங்களில் ஃப்ளீட் வலையமைப்பு பில்லில் கழித்துக் காட்டும். கடைக்காரர் கார்டை அடையாளம் காண முன் இலக்கங்கள் உதவும்: அரசு வாயேஜர் 8699-இல் தொடங்கும், வெக்ஸ் 690046-இல் தொடங்கும்.

தண்டனை எவ்வளவு கடுமை?

கார்டைவிட வண்டியில்தான் பலர் மாட்டுகிறார்கள். அரசு வண்டியைத் தெரிந்தே சொந்த வேலைக்குப் பயன்படுத்தினால் சட்டத் தொகுப்பு 31-ஆம் தலைப்பு 1349-ஆம் பிரிவின்படி குறைந்தது ஒரு மாதம் சம்பளமில்லாத இடைநீக்கம். 'முதல் முறைதானே' என்று மேலதிகாரி அதைக் குறைக்க முடியாது. கார்டில் பொய்க் கணக்குக் காட்டிப் பணம் கோரினால் 18-ஆம் தலைப்பு 287-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறை. 2012-இல் வந்த அரசு கார்டு முறைகேடு தடுப்புச் சட்டம் துறைகள் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடுகளை விதித்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 31-க்குள் கார்டு மேலாண்மைத் திட்டத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

ரசீதுகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

கடைசிப் பணம் செலுத்தியதிலிருந்து ஆறு ஆண்டு. பங்க் ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சாவதால் வண்டியின் கண்ணாடியோரம் ஒரு கோடை இருந்தாலே வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய வாரமே ஸ்கேன் செய்து, வண்டி எண்ணையும் தேதியையும் கோப்பின் பெயராக வைத்துச் சேமியுங்கள். விமானச் சீட்டின் கார்பன் நகலை மேலாக ஒருமுறை பேனாவால் எழுதிவிட்டு ஸ்கேன் செய்யும் பழக்கம் சில அலுவலகங்களில் உண்டு. அதைச் செய்யாதீர்கள், தணிக்கையில் திருத்திய ஆவணம் ஆகிவிடும். மங்கலாக இருந்தால் எஃப்பிஓவிடம் மறுநகல் கேளுங்கள்.